சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னலுக்கு என்ன ஸ்க்ரீன் போடலாம்?

மார்ச் 3 (கேள்வி)

பிப்ரவரியில்தான் சென்னையில் புது ஃபிளாட்டுக்கு வந்தோம். இரண்டாவது மாடி. டைனிங்கில் ஒரே ஜன்னல். 5 அடி அகலம், 4 அடி உயரம், மேற்குப் பார்த்தது, ஒன்றரை அடி சன்ஷேடு உண்டு. ஒரு பக்கம் வாஷ் பேசின், மறுபக்கம் ஓப்பன் கிச்சன். மேற்கு என்று சொன்னதுமே கடைக்காரர் வெளிச்சமே புகாத பிளாக்அவுட் துணியில் ஜீப்ரா பிளைண்ட் போடச் சொல்கிறார், இல்லாவிட்டால் மே மாதம் உட்கார முடியாதாம். மாமியார் சாதாரண ஸ்க்ரீன் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு

மாமியார் சொல்வதுதான் சரி.

ஜீப்ரா கெட்ட பொருள் இல்லை. ஹாலில் போடுங்கள், படுக்கை அறையில் போடுங்கள். ஓப்பன் கிச்சனுக்குப் பக்கத்தில் வேண்டாம். கடுகு தாளிக்கும்போது எழும்பும் எண்ணெய்ப்புகை எங்கே போய் உட்காரும் என்று நினைக்கிறீர்கள்? ஜீப்ராவில் ஒரு பட்டை துணி, ஒரு பட்டை வலை என்று மாறி மாறி வரும். அந்த வலையில் எண்ணெய் பிடித்து, அதன்மேல் தூசி பிடித்தால் கழற்றித் துவைக்க முடியாது. ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கு இன்னும் பரவும். எங்கள் வீட்டில் சமையலறைப் பக்கம் ஒரு ரோலர் பிளைண்ட் இருந்தது. விரலை வைத்து எடுத்தால் ரேகை பதியும். கழற்றி, வாளியில் போட்டு, சோப்புத்தூளில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தக்கூடிய பொருள் மட்டும்தான் அந்த இடத்தில் நிற்கும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று. பிளைண்டின் வளையச் சங்கிலி குழந்தையின் கழுத்தில் மாட்டும் ஆபத்து உண்டு. எந்த அறையில் பிளைண்ட் போட்டாலும் சங்கிலியைச் சுவரோடு இழுத்து கிளிப் போடச் சொல்லுங்கள். ஆளே வந்து மாட்டினாலும் அந்த கிளிப்பைப் பையிலேயே விட்டுவிட்டுப் போவார், கேட்டு வாங்க வேண்டும்.

மார்ச் 4

எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்பதை நேற்றே கேட்டிருக்க வேண்டும். மேற்கு ஜன்னல் என்றாலே வெயில் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்போது வெயில் என்று யாரும் கேட்பதில்லை.

மே மாதச் சென்னையில் மதியம் 2 மணிக்கு சூரியன் இன்னும் 60 டிகிரிக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஒன்றரை அடி சன்ஷேடு அப்போது ஏறக்குறைய முக்கால் ஜன்னலுக்கு நிழல் தரும். 4 மணிக்கு அதே சன்ஷேடின் நிழல் ஓர் அடிதான். 5 மணிக்கு அரை அடி. அதாவது மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய தொல்லை இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து டிபன் சாப்பிடும் பிள்ளையின் முகத்தில்தான் அடிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெயில் என்ற பேச்சே இல்லை. ஆகையால் 4 மணிக்கு மேசையில் யாராவது உட்காருவார்களா என்று சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் இந்தச் செலவில் பாதி வீண்.

மார்ச் 6

4 மணிக்குப் பையன் உட்காருவானாம். சரி.

அப்படியானால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே எத்தனை தடித்த துணி போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். துணி சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே இருக்கும், கண்ணாடி அதை வெளியே விடாது. கறுப்பு, கரும்பச்சை, மெரூன் என்றால் இன்னும் மோசம். உள்ளேதான் போட்டாக வேண்டும் என்றால் கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையாக இருக்கட்டும், கொஞ்சமாவது திருப்பி அனுப்பும்.

திருச்சியில் எங்கள் வீட்டு மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும். கோடையில் அதற்கு மேல் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்போம். முதல் வாரம் வாசனைக்காகவே எல்லோரும் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இரண்டாவது வாரம் தண்ணீர் தெளிப்பது யார் முறை என்று சண்டை வரும்.

தட்டி போட்டால் புறாவும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருட்டி வைத்த தட்டி அதற்குக் கட்டில். தினமும் ஒரு முறை இறக்கி ஏற்றினால் கூடு கட்டாது.

மார்ச் 7

திருவான்மியூர்க்காரர் ஒருவர் மடக்கியிருக்கிறார்: "உங்கள் வெட்டிவேர் கதை திருச்சிக்குச் சரி. இங்கே மதியம் கடல்காற்று ஏறியதும் காற்றே ஈரம். அதில் தண்ணீர் தெளித்து என்ன குளிரும்?"

ஞாயம். தண்ணீர் ஆவியானால்தான் குளிர்ச்சி, ஏற்கெனவே ஈரமான காற்றில் அது மெதுவாகத்தான் ஆவியாகும். திருச்சி, வேலூர் போன்ற வறண்ட வெயிலுக்கு வெட்டிவேர். சென்னையில் வாசனைக்கு மட்டும்.

அவர் சொன்னதிலிருந்து எனக்கு இன்னொன்று தோன்றியது. கடல்காற்று கிழக்கிலிருந்து, தென்கிழக்கிலிருந்து வருகிறது. ஹால் ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தால் அது வெளியே போக வழி உங்கள் டைனிங் ஜன்னல்தான். அதை பிளாக்அவுட் போட்டு அடைத்தால் ஹாலுக்கும் காற்று வராது. போக வழி இல்லாத காற்று வரவும் வராது. ஏ.சி. போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இது கவலை இல்லை. ஃபேன் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் இழை இழையாகக் காற்று விடும் பொருளைப் போடுங்கள்.

மார்ச் 9

நிறம் பற்றிக் கேட்டவருக்கு.

டைனிங்கில் பச்சையும் நீலமும் வேண்டாம். துணி வழியாக வரும் வெளிச்சம் துணியின் நிறத்தில்தான் வரும். எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் பாட்டில்பச்சை நெட் துணி தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தயிர்சாதம் பாசி பிடித்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும். வாழைக்காய் வறுவல் சாம்பல். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் டியூப்லைட்டைப் போடுவார், பட்டப்பகலில். பழுப்பு வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள், இந்த வகையில் எடுங்கள். ரசம் ரசமாகத் தெரியும்.

கடையில் துணியை மேசைமேல் விரித்துக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை எந்த நிறத்தில் தெரிகிறதோ, இட்லியும் அந்த நிறத்தில்தான் தெரியும்.

மார்ச் 12

இதுவரை யாரும் பேசாத விஷயம்: வாஷ் பேசின் பக்கத்து ஸ்க்ரீனில் எல்லோரும் கை துடைப்பார்கள்.

பிள்ளைகள் மட்டும் இல்லை. கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி கட்டி வந்த பெரியவர்களும்தான். கை கழுவியதும் கண்ணுக்கு முதலில் எது தெரிகிறதோ அதில் துடைப்பது மனித இயல்பு. துண்டை பேசினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஆணியில் மாட்டுங்கள், மறுபக்கம் மாட்டினால் அதைத் தேடிப் போக மாட்டார்கள். ஸ்க்ரீன் ஜன்னல் திட்டோடு முடியட்டும். தரைவரை இறக்கினால் மாப் போடும் தண்ணீரையும் அதுவே உறிஞ்சும்.

கறையிலும் வித்தியாசம் இருக்கிறது. மஞ்சள் கறைக்குப் பயப்படாதீர்கள். சோப்பு பட்டதும் சிவப்பாகி வயிற்றைக் கலக்கும், ஆனால் ஈரத்தோடு வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். எண்ணெய்தான் நிற்கும். அதற்குத் துவைப்பதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கறைமேல் தடவி வைக்க வேண்டும், துவைத்து இஸ்திரி போட்டபின் தடவிப் பயன் இல்லை.

மார்ச் 15

கேள்வி கேட்ட தங்கை இன்று ஒரு வரி எழுதியிருக்கிறார், போகிற போக்கில்: "எதிர்க் கட்டடம் எங்கள் மாடியைவிட இரண்டு மாடி உயரம், நடுவில் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும், அதில் எங்கள் மட்டத்திலேயே இருப்பவர்கள் கிச்சன் ஜன்னல் எங்கள் டைனிங்கைப் பார்த்தமாதிரி."

அம்மா தாயே, இதை மார்ச் 3 அன்றே சொல்லியிருந்தால் வெட்டிவேர்வரை போயிருக்க மாட்டோம்.

கணக்குப் போடுங்கள். இரண்டு மாடி என்றால் 20 அடி. அது 12 அடி தள்ளி நின்றால், 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சூரியனை முழுக்க மறைக்கும். சூரியன் 60 டிகிரிக்கு இறங்குவது மே மாதம் 2 மணியைத் தாண்டித்தான். அதற்கு முன்னால் சன்ஷேடு பார்த்துக்கொள்கிறது. சன்ஷேடு கைவிடும் இடத்தில் எதிர்வீட்டு மாடி பிடித்துக்கொள்கிறது. நடுவில் ஒன்றரைக்கும் இரண்டேகாலுக்கும் இடையே ஜன்னலின் அடிப்பகுதியில் கொஞ்சம் விழலாம். பையன் டிபன் சாப்பிடும் 4 மணிக்கு உங்கள் ஜன்னலில் வெயிலே இருக்காது!

உங்கள் பிரச்சினை வெயில் இல்லை, எதிர்வீடு. பிப்ரவரியில் குடிவந்தீர்கள், ஒரு கோடையையும் அந்த ஜன்னலில் பார்க்கவில்லை, கடைக்காரர் வீட்டுக்கே வரவில்லை. "மேற்கா, பிளாக்அவுட்" என்று ஒரு சொல்லைக் கேட்டு விலை போட்டிருக்கிறார். மூங்கில் தட்டியையும் மறந்துவிடுங்கள், உங்கள் அசோசியேஷனோடு எதற்குச் சண்டை.

மார்ச் 16

எதிர்வீடு என்றால் அரைத்திரை. பழைய வீடுகளில் எல்லா ஜன்னலுக்கும் இருந்ததுதானே? இரண்டு கொக்கி, ஒரு ஸ்ப்ரிங் கம்பி, கீழ்ப்பாதிக்கு மட்டும் துணி. தெருவில் போகிறவர் கண் உள்ளே விழாது, மேல்பாதி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கும். உங்கள் ஜன்னல் திட்டு 3 அடி என்றால், திட்டிலிருந்து 2 அடி துணி போதும். தட்டும் மறையும், தலையும் மறையும்.

சாப்பிடும்போது வேற்றார் கண் படக்கூடாது என்று பாட்டி இலை போட்டதும் தெருக்கதவைச் சாத்துவாள். திருஷ்டி என்பாள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் எதிர்வீட்டு அம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே நம் தட்டைப் பார்த்தால் இரண்டாவது தோசை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது. மெல்லிய நெட் துணி பகலில்தான் மறைக்கும். ராத்திரி உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் எதிர்வீட்டுக்கு நீங்கள் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். கண்ணாடியில் ஒட்டும் கண்ணாடித்தாளும் இப்படித்தான். பகலில் வெளியே இருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி, ராத்திரி தலைகீழ். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது ராத்திரி என்பதால் துணியை ராத்திரிக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி, விளக்கைப் போட்டு, ஜன்னலில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கணவரை வெளியே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே மட்டம் எதிரெதிர் என்பதால் அவர் எதிர்வீட்டு மாடிப்படியிலிருந்து பார்ப்பதுதான் சரி. அங்கே நின்று உங்கள் டைனிங்கை முறைத்துப் பார்ப்பதற்கு முன் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் 20

கம்பியை மறைக்கும் பெல்மெட் பெட்டி போடலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். மேசைக்கு மேலேயா? பல்லிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் தலைக்கு, தோளுக்கு, காலுக்கு எல்லாம் போட்டிருக்கிறது. சாம்பார்க் கிண்ணத்துக்குப் போடவில்லை. திறந்த கம்பியே போதும்.

ஃபேன் காற்றில் துணி பறந்து வந்து குழம்பில் விழுகிறது என்றவருக்கு: அடிமடிப்புக்குள் ஒரு மெல்லிய சங்கிலியைத் தைக்கச் சொல்லுங்கள். தைப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

மார்ச் 28

துணி எங்கே வாங்குவது? வீட்டு ஜவுளிக்குக் கரூர். மேசைவிரிப்பும் ஸ்க்ரீன் துணியும் வெளிநாட்டுக்குப் போவது அங்கிருந்துதான், ஏற்றுமதியில் மிஞ்சியது உள்ளூரிலும் கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் கோடவுன் தெருவில் பாருங்கள். நான் இதை எழுதும்போதே பீரோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் உங்கள் ஜன்னலுக்கு வாங்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

கைத்தறிப் பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர் நீளம், 47, 48 அங்குல அகலம். அதை நெடுக்காகத் தொங்கவிடாமல் படுக்கையாகத் திருப்புங்கள். சேலையின் அகலம் ஸ்க்ரீனின் உயரம் ஆகிவிடும். மேலே கம்பிக்கு மடித்தது போக மூன்றரை அடிக்கு மேல் நிற்கும், ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து கொஞ்சம் இறக்கிக் கம்பி போட்டால் திட்டுவரை எட்டும். ஒரு கரை கீழே தானாக ஓடும், மேல்கரை மடிப்புக்குள் போய் அதைக் கெட்டியாக்கும். அடியில் தையலே வேண்டாம், கரையே விளிம்பு. நீளம் 18 அடி இருக்கிறது. 5 அடி ஜன்னலுக்கு இரு பக்கமும் அரையடி கூட்டி 6 அடிக் கம்பி போட்டால் மூன்று மடங்கு துணி. இரண்டு மடங்கு இருந்தாலே மடிப்பு அழகாக விழும், ஆகையால் முந்தானையை வெட்டி மேசைக்கு ரன்னர் தைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது தொங்குவது அம்மாவின் உறையூர்ச் சேலை, சந்தன நிறம், அரக்குக் கரை. இடுப்பில் செருகிச் செருகி நைந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டோம். காரைக்குடிக் கண்டாங்கி இன்னும் கெட்டி, ராத்திரிக்கு நன்றாக மறைக்கும், ஆனால் கட்டம் பெரிது, சின்ன இடத்தில் கண்ணை இழுக்கும். சுங்குடி மெல்லிசு, ராத்திரிக்கு உதவாது.

அரைத்திரை என்று 16ஆம் தேதி சொன்னேனே, அதற்கு இது ஒத்துவருமா? வராது. சேலையைப் பாதியாகக் கிழித்தால் ஒரு துண்டுக்கு ஒரு கரைதான் மிஞ்சும். கிழிக்காமல் அப்படியே போட்டு, பகலில் இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, ராத்திரி இழுத்து மூடுங்கள். பகலில் எதிர்வீட்டம்மாள் வேலைக்குப் போகிறவரா என்று தெரிந்தால் முடிவு சுலபம்.

ஏப்ரல் 2

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். சுருங்கியபின் திட்டுக்கு இரண்டு விரல் மேலே நிற்கும் ஸ்க்ரீனைப் பார்த்து ஒவ்வொரு நாளும் எரிச்சல்படலாம். அடர்நிறக் கைத்தறி என்றால் முதல் சில முறை தனியாக அலசுங்கள்.

கம்பி நுழையத் துணியில் அடிக்கும் ஐலெட் வளையம் வைப்பதாக இருந்தால் ஒரு பாகத்துக்கு இரட்டைப்படை எண்ணில் வையுங்கள், 8 அல்லது 10. ஒற்றைப்படையில் வைத்தால் ஒரு ஓரம் சுவரைப் பார்க்கும், மறு ஓரம் அறையைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கும். தைப்பவருக்கு இது தெரியும், ஆனாலும் அவசரத்தில் துணி அகலத்துக்கு எத்தனை விழுகிறதோ அத்தனை அடித்துவிடுவார்கள். வளையம் அடித்த ஓட்டையைத் திரும்ப அடைக்க முடியாது.

ஏப்ரல் 26

தங்கையிடமிருந்து தகவல். ஏப்ரல் 24, 25 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சிக்கு வரும், அன்றைக்கு ஜன்னல் முன்னால் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பார்த்திருக்கிறார். மதியம் ஒன்றே முக்காலுக்கு திட்டின்மேல் ஒரு சாண் அகலத்துக்கு வெயில் விழுந்ததாம். 2 மணி தாண்டியதும் காணோம். அதன்பிறகு எதிர்வீட்டு வெள்ளைச் சுவரிலிருந்து வரும் கண்கூச்சம் மட்டும். பிளாக்அவுட் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் திரும்ப உச்சிக்கு வரும், அப்போதும் இதே கதைதான்.

மாமியார் தன்னுடைய சேலையைக் கொடுத்திருக்கிறாராம். எந்தச் சேலை என்று கேட்டேன். அது தன் அம்மா மாமியாருக்கு எடுத்துக்கொடுத்தது, மாமியாருக்குப் பிடித்ததே இல்லை என்று தங்கையிடமிருந்து பதில் வந்தது. குடும்ப விவகாரம், நான் தலையிடவில்லை.

மே 6

வாடகை வீடு, சுவரில் துளை போடக்கூடாது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஜன்னல் குழிக்குள் இரண்டு சுவருக்கும் நடுவே இறுக்கி நிறுத்தும் கம்பி கிடைக்கும், முறுக்கினால் நீளும், முனையில் ரப்பர். மெல்லிய பருத்திக்கு அது தாங்கும். லைனிங் வைத்த கனத்துணியைப் போட்டால் நடுராத்திரியில் தடாலென்று விழும். 4 அடிக்கு மேற்பட்ட அகலத்துக்கு நடுவில் தொய்யும், தடித்த கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டத்தில் மட்டும் கொக்கி அடிக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். பழைய மரச்சட்ட ஜன்னல் என்றால் கவலையே இல்லை, ஏற்கெனவே அடித்த கொக்கி இரண்டு மூலையிலும் பெயிண்டுக்குள் புதைந்து கிடக்கும், தடவிப் பாருங்கள்.